நீளமாய் ஒரு குளம்

ஐப்பசி மாதத்து அடைமழையில், கையிலிருந்த குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நனைந்தபடியே தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வேப்பங்குச்சி ஊன்றிக்கொண்டு போனார் பெரிய டீச்சர். நான் பின்னால் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் கரைந்து தண்ணீர் காவி நிறமாய் ஓடியது. எங்கே இரண்டு ஓடைகள் கூடினவோ அங்கே ஒரு குச்சி. எங்கே தண்ணீர் தயங்கித் திரும்பியதோ அங்கே ஒரு குச்சி. மழைத் திரைக்குள் அவர் உருவம் கொஞ்சம் கொஞ்சமாய் மங்கி, கடைசியில் வெள்ளைச் சேலையின் அசைவு மட்டும் தெரிந்தது. அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அசைந்தது. அவருக்கு இடது கால் பிறவியிலேயே மூன்று விரற்கடை குட்டை.

தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் தலைமையாசிரியை. அதனால் எல்லோருக்கும் ‘பெரிய டீச்சர்’. தலைமைப் பொறுப்போடு பூகோளமும் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம்தான் அவருக்குக் கோயில். நான் அங்கே ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். காரைக்குடியில் நகை வேலை செய்கிறவரின் மகள் நான். அப்பா தங்கத்தில் இழுத்த கோடுகளைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கை பழகியிருந்தது. அந்தக் கையைத்தான் பெரிய டீச்சர் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் மதியம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஓவிய அறைக்கு வந்து, வாசலில் நின்றபடியே, “உன்னால தரையப் பாத்து அளவு தப்பாமப் படம் போட முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்றேன். “அப்பச் சனிக்கிழமை என்கூட வா. மழை பெஞ்சா நல்லது” என்றார். மழை பெய்தால் எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை. அவரிடம் எதிர்க்கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் யாருக்கும் இல்லை.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி போகும் பஸ் பாதையில், சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் அவருடைய மூன்று ஏக்கர் செவக்காடு. எந்த வாய்க்காலும் எட்டாத சிவப்பு மேட்டு நிலம். நான்கு பனை, ஒரு பெரிய வேம்பு, மீதியெல்லாம் சரளையும் கருவேலும். தன் சேமிப்பையெல்லாம் போட்டு அதை வாங்கியிருந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த நிலத்தில் அவர் வீடு கட்டப் போகிறார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். மழைக்குள்ளிருந்து சேறும் சிரிப்புமாய்த் திரும்பி வந்து, “குச்சி ஊனின இடத்தையெல்லாம் படத்துல குறிச்சுக்க. எல்லாத் தண்ணியும் எங்கிட்டுக் கூடுதோ அங்கிட்டுத்தான் நம்ம குளம்” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

குளம் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரு பதில் வைத்திருந்தார். ஆனால் ஆளுக்கு ஒரு பதில். பங்குச் சாமியாரிடம், பூச்செடி வைத்துக் கோயிலுக்குப் பூ அனுப்பப் போவதாகச் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரரிடம் மாட்டுக்குத் தண்ணீர் என்றார். அவரிடம் மாடு எதுவும் இல்லை. எனக்குச் சொன்னது, “பாத்துக்கிட்டு இருக்கத்தான்.” அதை நான் நம்பினேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க ஒரு மனுஷி ஆசைப்படுவதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மூன்று மாதம் சனிக்கிழமை தோறும் போனேன். தேவகோட்டையில் நான் தங்கியிருந்த அறையிலிருந்து காரைக்குடி வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கிக்கொள்வேன். கயிறு பிடித்து அளந்தோம். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தோம். நிலம் கிழக்கே பார்த்துச் சரிந்திருந்தது. மேற்கிலிருந்து தண்ணீரைக் கொண்டு வரும் வரத்துக்காலையும், நிறைந்த பிறகு மிச்சத்தை வெளியே விடும் கலுங்கையும் கறுப்பு மையில் வரைந்தேன். குளத்தை நீல மையில் வரைந்தேன். கோயில் குளம் போலச் சதுரமாகத்தான் முதலில் போட்டேன். பெரிய டீச்சர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “அகலத்தக் குறைச்சுக்க. நீளமாப் போடு.” இழுத்து வரைந்தேன். “இன்னும் கொஞ்சம்.” இப்படி மூன்று முறை இழுத்த பிறகு குளம் ஒரு வெள்ளரிக்காய் போல ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அந்தக் காகிதத்தின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். திரும்பவும் இந்த முனைக்குக் கொண்டு வந்தார். மை காயவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

வேலைக்கு வந்த மேஸ்திரி காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கெல்லாம் கல் வேலை செய்த குடும்பத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். மண்ணை உள்ளங்கையில் எடுத்து, ஒரு சொட்டு எச்சில் தொட்டு உருட்டிப் பார்ப்பார். உருண்டையாய் நின்றால் தலையசைப்பார்; உதிர்ந்தால் கையைத் தட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். அந்த மூன்று ஏக்கரிலும் அவர் கையைத் தட்டிக்கொண்டேதான் நடந்தார். என் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“குளம்னு சொன்னீக. இது வாய்க்கா மாதிரில இருக்கு” என்றார்.

“குளந்தான் மேஸ்திரி.”

“இது செம்புறாங்காடு டீச்சரம்மா. தண்ணிய வாங்கும். வச்சிருக்காது.”

“வாங்குற வரைக்கும் வாங்கட்டுமே. அதுக்கும் ஒரு அளவு இருக்கும்ல.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் வேலை தொடங்கியது.

பள்ளம் தோண்ட வந்த ஆட்கள் கோடை முழுவதும் வெட்டினார்கள். மேலே சரளை, அதற்குக் கீழே செங்கல் போலக் கெட்டியான செம்புறாங்கல். வெட்டிய மண்ணைக் கரையாகக் குவித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வைத்தார் மேஸ்திரி. படிக்கட்டு மட்டும் வேண்டாம் என்றார். முதலில் தண்ணீர் நிற்கட்டும், பிறகு கட்டலாம் என்றார். அந்த வருஷம் தீபாவளியை ஒட்டிப் பெய்த மழையில் மூன்று நாளில் குளம் நிறைந்தது. பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு எடுத்ததை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். இருவரும் கரையில் போய் நின்றோம். சிவந்த தண்ணீர் வானத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பெரிய டீச்சர் குனிந்து ஒரு கை அள்ளி, பார்த்துவிட்டு, திரும்ப விட்டார்.

கார்த்திகை பிறந்தபோது தண்ணீர் பாதி. மார்கழிக் கோலத்துக்கு நான் மாவு அரைத்துக்கொண்டிருந்த நாட்களில் குளத்தின் அடியில் சரளை தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் நேரே சிரிக்கவில்லை. ஆனால் ஆசிரியைகள் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. பெரிய டீச்சரின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். விவசாயக் குடும்பத்துக்குத் தலைவர், வெள்ளை வேட்டி, கனத்த குரல். அவர் மகன் அந்த நிலத்தில் அரிசி மில் போட ஆசைப்பட்டான். வறண்ட பள்ளத்தின் கரையில் நின்று அவர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. “ஆத்தா, நீ நாலு எழுத்துப் படிச்சவ. ஊரு சிரிக்கிறாப்புல இது எதுக்கு? பயகிட்டக் குடு, மில்லாவது ஓடட்டும்.” பெரிய டீச்சர், “அடுத்த மழையும் பாத்துட்டுச் சொல்றேண்ணே” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அண்ணன் போன பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இடது காலின் கனத்த அடிப்பாகம் வைத்துத் தைத்த செருப்பைக் கழற்றி, அதில் ஏறியிருந்த சரளையைத் தட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தட்டினார். அதில் அவ்வளவு சரளை இல்லை.

விடை கிடைத்தது ஊர்க் கண்மாயில். கோடை தொடங்கிக் கண்மாய் வற்றியதும், அதன் அடியில் படிந்த கரம்பை மண்ணை வண்டி வண்டியாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோவது அந்தப் பக்கத்து வழக்கம். கறுத்து, வழுவழுவென்று, வெண்ணெய் போல இருக்கும். ஒரு சிறு கோடை மழைக்கு மறுநாள் நாங்கள் அந்தக் கண்மாய் வழியாக நடந்தபோது பெரிய டீச்சர் நின்றுவிட்டார். ஆட்டு மந்தை நடந்த தடம் ஒன்று நெடுக ஓடியது. ஒவ்வொரு குளம்படியிலும் ஒரு கரண்டித் தண்ணீர் நின்றது. சுற்றிலும் தரை காய்ந்திருக்க, அந்தச் சின்னச் சின்னக் குழிகள் மட்டும் வரிசையாக வெயிலில் மின்னின. அவர் குந்தி உட்கார முடியாதவர். குடையை ஊன்றிக்கொண்டு முடிந்தமட்டும் குனிந்து பார்த்தார். அன்று மாலையே மேஸ்திரிக்கு ஆள் போயிற்று. மேஸ்திரி வந்து அந்தக் கரம்பையைக் கையில் உருட்டினார். உருண்டை நின்றது. முதல்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, கண்மாயிலிருந்து கரம்பை கொண்டுவந்து குளத்தின் அடியிலும் பக்கங்களிலும் முழங்கால் கனத்துக்குப் பரப்பினார்கள். பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். அது இறுகித் தண்ணீர் கசியாமல் நிற்க, மிதிப்பதற்கு ஆடு வேண்டும். ஊர் ஊராக மந்தை ஓட்டிப் போகும் கீதாரி ஒருவர் அப்போது பக்கத்து வயலில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு, “புழுக்கைக்குத்தான் கிடை கேப்பாக. மிதிக்கிறதுக்குக் கேட்டது நீங்க ஒருத்தவுகதான்” என்றார். ஆனாலும் வந்தார்.

அந்த மூன்று நாட்களை நான் எப்போது நினைத்தாலும், அது நடந்ததா அல்லது நான் வரைந்த படமா என்ற மயக்கம் வரும். காலை வெயில் சாய்வாக விழ, நூற்றுக்கணக்கான செம்மறி ஆடுகள் சரிவில் இறங்கின. பழுப்பும் வெள்ளையும் கறுப்புமாய் முதுகுகள் நெருங்கி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அலை போலப் போய்த் திரும்பின. கீதாரி நாக்கை மடித்து எழுப்பிய ஒரு ஒலிக்கு எல்லாம் சேர்ந்து திரும்பும். இன்னொரு ஒலிக்குச் சேர்ந்து நிற்கும். மேலே நின்று பார்த்தபோது பள்ளம் விளிம்பு வரை ததும்பியது. கரம்பை போட்ட பிறகு எங்கள் குளம் முதலில் நிறைந்தது ஆடுகளால்தான். பெரிய டீச்சர் என் பக்கத்தில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கோடை விடுமுறைக்கு, அக்காவின் பேறுகாலத்துக்காக நான் மதுரைக்குப் போய்விட்டேன். நான் திரும்பியபோது படிக்கட்டு முடிந்திருந்தது. ஆவணியில் ஒரு மழை, புரட்டாசியில் இரண்டு, பிறகு ஐப்பசி. இந்த முறை நாங்கள் யாரும் கரைக்குப் போய் நின்று பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். பெரிய டீச்சர் அதற்குள் ஓய்வு பெற்று, நிலத்தின் ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்று கட்டிக் குடிவந்திருந்தார். மார்கழியில் தண்ணீர் நின்றது. பொங்கல் கழிந்தும் நின்றது. சிவப்பெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்து, பனைகளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நின்றது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். வீடு திறந்திருந்தது, ஆள் இல்லை. குளக்கரையில் மடித்து வைத்த வெள்ளைச் சேலை, அதன் மேல் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் அந்த இரண்டு செருப்புகள். கரை விளிம்புக்கு ஓடினேன். தண்ணீரின் மேல் பனி புகை போல நின்றது. அந்தப் புகைக்குள், தூரத்து முனையில், ஒரு தலை தெரிந்தது. நரைத்த கூந்தல் அவிழ்ந்து பின்னால் மிதக்க, பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, பெரிய டீச்சர் நீந்தி வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. கைகள் முன்னால் போய், விரிந்து, மடங்கின. அவர் வந்த வழியில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து நேர்கோடாகக் கிடந்தது. அவர் சாயாமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தக் கரையைக் கையால் தொட்டுவிட்டு, என்னைக் கவனிக்காமலே, திரும்பிப் போனார்.

படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டே அவர் சொன்னார். சொந்த ஊரில் அவர் பிறந்த வீட்டுத் தெருவின் கோடியில் ஒரு குளம் இருந்ததாம். நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே நீந்தப் பழகினாராம். பையன்களெல்லாம் பிந்த, அவர்தான் முந்திக் கரை தொடுவாராம். பன்னிரண்டு வயதில், இனி அவள் குளத்துக்குப் போகக்கூடாது என்று வீட்டில் முடிவானது. அண்ணனை அனுப்பினார்கள். கூப்பிட்டும் வராததால் அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஈரத் துணியோடு தெரு முழுவதும் பார்க்க வீட்டுக்கு நொண்டி நடந்த அந்த நாள்தான் அவர் கடைசியாகக் குளத்தில் இறங்கிய நாள்.

“இத முன்னாலயே சொல்லிருக்கலாமே டீச்சர்” என்றேன்.

“அம்பத்தஞ்சு வயசுல நீச்சலடிக்கக் குளம் வெட்டுறேன்னு யார்கிட்டச் சொல்லச் சொல்ற?” கூந்தலை உதறி முடிந்துகொண்டார். “தரையிலதான் எனக்குக் கால் குட்டை. அதுக்குள்ள ரெண்டும் ஒண்ணுதான்.”

அதற்கு அடுத்த மாதம், ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவர் அண்ணன் பூசை முடிந்து நேரே வந்துவிட்டார். மில் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறார். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். பெரிய டீச்சர் தண்ணீரில் இருந்தார். அண்ணனைத் தடுக்க வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அவர் என்னைத் தாண்டிக் கரை மேல் ஏறி, நின்றார். நடுக்குளத்தில் பெரிய டீச்சரும் அவரைப் பார்த்து, கையடிப்பதை நிறுத்தி, கழுத்தளவுத் தண்ணீரில் மிதந்தபடி நின்றார். மீன்கொத்தி ஒன்று இரண்டு பேருக்கும் நடுவே பறந்து போனது நினைவிருக்கிறது.

பிறகு அந்தப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சலவை வேட்டி நனைய இரண்டு படி இறங்கினார். கையை நீட்டினார். “குளிரு விறைக்குது ஆத்தா. மேல வா” என்றார். கனத்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பெரிய டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். “இன்னும் ஒரு தடவ அங்கிட்டுப் போயிட்டு வந்துர்றேண்ணே” என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பி, மறுமுனையைப் பார்க்க நீந்திப் போனார். அண்ணன் ஈர வேட்டியோடு படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தங்கை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட குளம் அது. அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து மறுபடியும் கையை நீட்டினார். இந்த முறை பெரிய டீச்சர் பிடித்துக்கொண்டார். கரையேறியதும் அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தங்கையின் தலையில் போட்டார். அரிசி மில் பற்றிய பேச்சு அன்றும் எழவில்லை, பிறகும் எழவில்லை.

எட்டு வருஷம் அவர் அந்தக் குளத்தில் நீந்தினார். ஒரு புரட்டாசியில் காய்ச்சல் கண்டு, நான்கைந்து நாளில், படுக்கையிலேயே அமைதியாகப் போனார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, நான் திருச்சிக்குப் போய்விட்டிருந்தேன். செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை. பிள்ளை பெற்று, வளர்த்து, பேரன் பேத்தி பார்த்து, ஒரு வாழ்நாள் ஓடிவிட்டது.

போன வருஷம் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மறுநாள் ஆட்டோ பிடித்துப் போனேன். சாலையின் இரு பக்கமும் வீடுகள். இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. அண்ணன் வழிப் பேரன்கள் கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டு வீடு இல்லை, பனையில் இரண்டு மிச்சம். குளம் இருந்தது. படியில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“யாரத் தேடுறீக?” என்றாள்.

“யாரையும் இல்லம்மா. தண்ணி நிக்குதான்னு பாக்க வந்தேன்.”

“நிக்காம எங்கிட்டுப் போகும்?” என்றாள், நான் ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கேட்டுவிட்டது போல.

எனக்கும் இப்போது முழங்கால் சரியில்லை. எங்கள் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் ஊன்றித்தான் ஏறி இறங்குகிறேன். அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டே இறங்கியவள், கணுக்காலில் தண்ணீர் பட்டபோதுதான் கவனித்தேன். ஆறு படி வந்திருக்கிறேன், எதையும் பிடிக்காமல், வலியில்லாமல். திரும்பிப் படிகளைப் பார்த்தேன். என் படத்தில் நான் போட்டது வழக்கமான படி, முக்கால் அடி உயரம். இவை அரை அடிகூட இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பாய் விரிக்கிற அகலம். நான் மதுரையில் இருந்த அந்தக் கோடையில், யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், மேஸ்திரி படத்தை மாற்றிக் கட்டியிருக்கிறார். இளம்வயதில் இந்தப் படிகளில் நான் எத்தனையோ முறை ஓடி இறங்கியிருக்கிறேன். ஒரு முறையும் எனக்குத் தெரியவில்லை. பெரிய டீச்சருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அவரும் சொல்லவில்லை.

மேஸ்திரியும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். யாரிடம் போய் இதைக் கேட்பது. நான் அப்படியே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த அந்தப் பெண், இறங்கப் பயப்படுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். துணியைப் பிழிந்துகொண்டே, “இன்னும் ரெண்டு படி எறங்கலாம்மா, வழுக்காது” என்றாள்.

இறங்கினேன்.